கொஞ்சம் உருகினால்தான் சரக்கு அதிகம்

பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு கடல் கடலாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது, எங்காவது ஓட்டை விழுந்தால் எரிமலையாகப் பொங்குகிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிப் புத்தகத்தில் பூமியை வெட்டிக் காட்டும் அந்த ஆரஞ்சு நிறப் படம் செய்த வேலை. உண்மையில் மேலோட்டுக்குக் கீழே தொடங்கி ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை போகும் மேன்டில், அதாவது கவசம், கெட்டியான பாறை. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு இருந்தும் அது உருகாமல் இருக்கிறது, ஏனென்றால் மேலிருந்து அழுத்தும் எடை அதை உருக விடுவதில்லை. கெட்டியாக இருந்துகொண்டே வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் ஊர்ந்து நகரவும் செய்கிறது.

ஆகவே எந்த எரிமலைப் பாறையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, கெட்டியாக இருந்த பாறை அந்த இடத்தில் ஏன் உருகியது, எவ்வளவு உருகியது என்பதைத்தான். இந்த 'எவ்வளவு' என்பதில்தான் வைரம், அருமண் தனிமங்கள், நயோபியம், பாஸ்பேட் எல்லாவற்றின் சூட்சுமமும் இருக்கிறது.

பாறை என்பது பல கனிமங்கள் சேர்ந்த கலவை. அது ஒரே நேரத்தில் மொத்தமாக உருகுவதில்லை, எளிதில் உருகுவது முதலில் உருகும், மற்றது அப்படியே நிற்கும். தேங்காய்த் துருவலைப் பிழிந்தால் முதலில் வரும் பால் கொஞ்சமாக, கெட்டியாக இருக்கும். தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுக்க எடுக்க அளவு கூடும், சத்து குறையும். கவசப் பாறை உருகுவதும் ஏறக்குறைய இதே கணக்கு. கவசத்தின் முக்கியக் கனிமங்களான ஆலிவினும் பைராக்சினும் மக்னீசியம், இரும்பு, சிலிக்கான் இவற்றால் கட்டப்பட்டவை. பொட்டாசியம், பாஸ்பரஸ், நயோபியம், யுரேனியம், லாந்தனம், சீரியம் முதலான அருமண் தனிமங்கள் போன்றவற்றின் அணுக்கள் ஒன்று பெரிதாக இருக்கும், இல்லையென்றால் மின்னேற்றம் ஒத்துப்போகாது, அதனால் அந்தப் படிகங்களுக்குள் அவற்றுக்குச் சரியான இடம் கிடையாது. பாறையில் முதல் சொட்டு உருகினதுமே இவை எல்லாம் படிகத்தை விட்டு அந்தச் சொட்டுக்குள் ஓடிவிடும். கார்பன் டை ஆக்சைடும் நீரும் அதே ஜாதி. சொல்லப்போனால் முதல் சொட்டை உருவாக்குவதே அவைதான், ஏனென்றால் பாறையில் கொஞ்சம் கார்பனேட் இருந்தாலே உருகத் தொடங்கும் வெப்பநிலை சில நூறு டிகிரி இறங்கிவிடும்.

இப்போது இரண்டு பாறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகாபலேஷ்வர் பக்கம் மலையே அடுக்கடுக்காகக் கறுத்துக் கிடக்கிறதே, அந்தத் தக்காண பசால்ட், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கவசம் தாராளமாக உருகியதால் வந்தது. இன்றைக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது, ஜல்லி உடைக்கலாம், கட்டடம் கட்டலாம், மட்கினால் பருத்திக்கு ஏற்ற கரிசல் மண். ஆனால் வைரம் கிடையாது. கிம்பர்லைட் என்று ஒரு பாறை இருக்கிறது. கவசம் நூற்றுக்கு ஒரு பங்குகூட உருகாத நிலையில் 150, 200 கிலோமீட்டருக்குக் கீழே பிறக்கிற மாக்மா, அதாவது பாறைக்குழம்பு. மேற்பரப்பில் அதன் வாய் பெரும்பாலும் சில ஹெக்டேர் பரப்புதான், ஒரு கிராமத்து ஏரி அளவுகூட இருக்காது. பசால்ட்டில் சிலிக்கா பாதி அளவு இருக்கும், இதில் 25 முதல் 35 சதவீதம். மீதியில் மக்னீசியமும், கார்பன் டை ஆக்சைடும், நீரும், பொட்டாசியமும். உலகின் வைரச் சுரங்கங்களில் பெரும்பாலானவை இந்தப் பாறையில்தான் தோண்டப்பட்டிருக்கின்றன.

சரி, அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு கஞ்சத்தனமாக ஏன் உருக வேண்டும்? மேலே ஒரு தடித்த மூடி இருப்பதால். ஆப்பிரிக்காவின் காப்வால், சைபீரியா, கனடாவின் ஸ்லேவ், நம்முடைய தார்வார் போன்ற மிகப் பழைய கண்டத் துண்டுகளுக்கு, 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை இவை, அடியில் 200 கிலோமீட்டர் வரைகூட இறங்கும் வேர் உண்டு. அந்த வேர் ஒரு காலத்தில் நிறைய உருகி, இரும்பை எல்லாம் இழந்து மிஞ்சிய பாறை. அதனால் சற்று இலேசானது, குளிர்ந்தும் போய்விட்டது, இத்தனை காலமும் அறுந்து மூழ்காமல் கண்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழிருந்து சூடான கவசம் மேலேறி வந்தாலும் இந்த மூடியில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் அழுத்தம் குறையாது, அதனால் அதிகம் உருகவும் வழியில்லை. மெல்லிய மூடி உள்ள இடத்தில் அதே கவசம் இன்னும் மேலே வந்து பசால்ட்டாகக் கொட்டியிருக்கும்.

இதே வேரின் அடிப்பகுதிதான் வைரம் இருக்கும் இடமும். கார்பன் வைரமாக நிலைத்திருக்க 150 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தமாவது வேண்டும், வெப்பமோ 900 முதல் 1,300 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அழுத்தம் இருந்தும் சூடு மிகுந்தால் கிராஃபைட் பக்கம் சாய்ந்துவிடும். ஆழமும் வேண்டும், அந்த ஆழத்துக்குக் குளிர்ச்சியும் வேண்டும் என்றால் பழைய கண்டத்தின் வேரைத் தவிர வேறு இடம் அரிது. வைரமுள்ள கிம்பர்லைட்டுகள் பழைய கண்டத் துண்டுகளின் மேல்தான் இருக்கின்றன என்று டாம் கிளிஃபோர்ட் 1966-ல் சொன்னதற்கு 'கிளிஃபோர்ட் விதி' என்றே பெயர். ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் இந்த விதிக்குப் பிடிகொடுக்காதது. அது பழைய துண்டின் ஓரத்தில், இரண்டு நிலப்பகுதிகள் மோதிய பட்டையில் இருக்கிறது, பாறையும் கிம்பர்லைட் இல்லை, லாம்ப்ராய்ட் என்ற அதன் பங்காளி. 2020-ல் மூடும் வரை உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வந்தன. அந்த நிறம் எந்த வேதிப்பொருளாலும் வந்ததல்ல, மோதலின் அழுத்தத்தில் படிகம் முறுக்கிக்கொண்டதால் வந்தது.

நிலக்கரி அழுந்தி வைரமாகிறது என்று இன்னும் பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தரையில் செடிகொடி வந்ததே 50 கோடி ஆண்டுகளுக்குள். வைரங்களில் பெரும்பாலானவை 100 கோடியைத் தாண்டியவை. அப்புறம் எங்கிருந்து நிலக்கரி? நடப்பது வேறு. கார்பனேட்டோ மீத்தேனோ கலந்த திரவம் வேரின் பாறை இடுக்குகள் வழியாகக் கசிந்து போகிறது. போகும் வழியில் ஆக்சிஜன் நிலை வேறாக இருக்கும் பாறையைத் தொட்டால் கார்பன் பிரிந்து படிகமாக ஒட்டிக்கொள்கிறது. சில வைரங்களின் கார்பன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதம், கடலடியில் உயிர்களின் எச்சமாகப் படிந்த கார்பனை ஒத்திருக்கிறது. பழைய கடல்தரை கண்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போனபோது கூடவே போன சரக்கு என்று பலர் கருதுகிறார்கள். நிலக்கரிக் கதையில் உண்மை ஏதாவது இருந்தால் இந்த அளவுக்குத்தான்.

வைரத்துக்கு வயது சொல்வது எளிதல்ல, சுத்தமான கார்பனில் காலம் காட்டும் தனிமம் எதுவும் இல்லை. ஆனால் வளரும்போது பக்கத்திலிருந்த கனிமத்தை உள்ளே வைத்து மூடிக்கொண்ட வைரங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி, ஃபின்ச் சுரங்கங்களின் வைரங்களுக்குள் இருந்த நுண்ணிய கார்னெட் மணிகளை வைத்து ஸ்டீபன் ரிச்சர்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் 1984-ல் சொன்ன வயது 320, 330 கோடி ஆண்டுகள். கிம்பர்லியில் அவற்றைக் கொண்டுவந்த மாக்மா வெடித்ததோ சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது அந்தக் கற்கள் 300 கோடி ஆண்டுகளுக்கு மேல் வேரில் சும்மா கிடந்திருக்கின்றன. கிம்பர்லைட் வைரத்தைப் பெற்ற தாய் அல்ல, வழியில் இருந்ததை வாரிக்கொண்டு வந்த அந்நியன். வைரமே இல்லாத கிம்பர்லைட்டுகள் ஏராளமாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

நகைக்கடையில் கரும்புள்ளி தெரிந்தால் கல்லைத் தள்ளி வைத்துவிடுவோம். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்துக்குக் குற்றம் நான்கு சொன்ன ஊர் நம்முடையது. அந்தப் புள்ளியைத்தான் கவச ஆய்வாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பிரேசிலில் ஜுயினா பகுதியில் கிடைத்த, நகைக்கு எந்த விதத்திலும் உதவாத, சில மில்லிமீட்டர் அகலப் பழுப்பு வைரம் ஒன்றுக்குள் ரிங்வுடைட் என்ற கனிமம் இருப்பதை கிரஹாம் பியர்சன் குழு 2014-ல் அறிவித்தது. 410 முதல் 660 கிலோமீட்டர் வரையான இடைப்பட்ட அடுக்கில் மட்டுமே நிலைத்திருக்கும் கனிமம் அது. எடையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் நீர், கனிமக் கட்டமைப்புக்குள்ளேயே கட்டுண்டு இருந்தது. கவசத்தின் நடுவில் நீர் இருக்கலாம் என்று அதுவரை கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது கையில் ஒரு துண்டு கிடைத்துவிட்டது.

1905-ல் கிடைத்த 3,106 காரட் கல்லினன் மாதிரியான பெரிய, தெளிந்த வைரங்களும் இந்த மிக ஆழமான வகையைச் சேர்ந்தவைதான் என்பது 2016-ல் தெரியவந்தது. அந்த வகைக் கற்களின் வெட்டுத் துண்டுகளுக்குள் இரும்பு, நிக்கல், கந்தகம் கலந்த உலோகத் துளிகள் இருந்தன. உருகிய உலோகத்திலிருந்து அவை வளர்ந்திருக்கின்றன. நீல வைரத்தின் கதை இன்னும் சுவையானது. நீலம் வருவது போரானால். போரான் மேலோட்டிலும் கடல்நீரிலும் உள்ள சரக்கு, கவசத்தில் கிடையாது என்றே சொல்லலாம். கடல்தரைப் பாறை கடல்நீரை உறிஞ்சி, போரானையும் சேர்த்துக்கொண்டு, 660 கிலோமீட்டருக்கும் கீழே வரை இறங்கியிருக்க வேண்டும் என்று எவான் ஸ்மித் (Evan Smith) குழு 2018-ல் காட்டியது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 காரட் ஹோப் வைரம் இந்த நீல வகைதான். அது கிருஷ்ணா ஆற்றங்கரைக் கொல்லூரிலிருந்து போனது என்று கருதப்படுகிறது.

மேலே வரும் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெதுவாக வந்திருந்தால் நமக்கு வைரமே இல்லை. மொராக்கோவில் பெனி பூசெரா என்ற இடத்தில் கவசப் பாறை ஒன்று புவித்தட்டு அசைவில் நிதானமாக மேலே தள்ளப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பாறையில் எட்டு முகம் கொண்ட படிகங்கள் இருக்கின்றன, வடிவம் அச்சு அசலாக வைரம், ஆனால் தொட்டால் கையில் கரி ஒட்டும். எல்லாம் கிராஃபைட். சூடு தணியாமல் அழுத்தம் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்ததால் உருவம் அப்படியே நிற்க உள்ளே சரக்கு மாறிப்போயிற்று. கிம்பர்லைட்டோ அந்த 150, 200 கிலோமீட்டரை சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் கடந்துவிடுகிறது என்பது கணிப்பு.

மற்ற எரிமலைகளுக்குத் தரைக்கு அடியில் மாக்மா தேங்கி நிற்கும் அறை உண்டு. இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது, ஆழத்திலிருந்து நேராக ஏறி வருகிறது. கனமான பாறைத் துண்டுகளையும் சுமந்துகொண்டு எப்படி இவ்வளவு வேகம் என்பதற்கு, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கெல்லி ரஸ்ஸலும் சகாக்களும் 2012-ல் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. புறப்படும்போது இந்த மாக்மாவில் கார்பனேட் மிகுதி, சிலிக்கா குறைவு. அந்த நிலையில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடையும் கரைத்து வைத்துக்கொள்ளும். வேர் வழியாக ஏறும்போது சுவரிலிருந்து பாறையைப் பெயர்க்கிறது, அந்தப் பாறையில் உள்ள ஆர்த்தோபைராக்சின் என்ற கனிமத்தைக் கரைக்கிறது. அதில் சிலிக்கா அதிகம். சிலிக்கா கூடக் கூட மாக்மாவால் வாயுவைப் பிடித்து வைக்க முடிவதில்லை, குமிழி கிளம்புகிறது, மாக்மா இலேசாகிறது, வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் இன்னும் பாறையைப் பெயர்க்கிறது, மேலும் கரைக்கிறது. ஏறுவதாலேயே ஏறும் வேகம் கூடுகிறது. இதற்குச் சாட்சி பாறையிலேயே இருக்கிறது: கவசத்தில் ஆர்த்தோபைராக்சின் கணிசமான பங்கு, ஆனால் கிம்பர்லைட் அள்ளி வந்த துகள்களில் ஆலிவின் எக்கச்சக்கம், அது மட்டும் காணோம். முனையெல்லாம் தேய்ந்து உருண்டு கிடக்கும் ஆலிவின் மணிகள்தான் பாறையில் ஏறக்குறைய பாதி.

தரையை நெருங்கியதும் வாயு வெடித்து, கீழே குறுகி மேலே விரியும் கேரட் வடிவக் குழாயைத் தோண்டிவிடுகிறது. மனிதர் யாரும் கிம்பர்லைட் வெடித்துப் பார்த்ததில்லை. இளையது என்று சொல்லத்தக்க தான்சானியாவின் இக்விசி குன்றுகளே சுமார் 12,000 ஆண்டுப் பழசு.

கிம்பர்லி நகரத்தில் 1871-ல் தோண்டத் தொடங்கியவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மேலே இருந்த மஞ்சள் மண்ணில் வைரம் பொறுக்கினார்கள். சில பத்து மீட்டர் இறங்கியதும் மண் நீலமாக, கெட்டியாக மாறியது. கதை முடிந்தது என்று நினைத்துத் தங்கள் துண்டு நிலத்தை விற்றுவிட்டுப் போனவர்கள் பலர். மஞ்சள் மண் என்பது அதே பாறை காற்றிலும் மழையிலும் மட்கியது, நீலம்தான் மட்காத அசல் என்று புரிந்தவர்கள் பணக்காரர் ஆனார்கள். அந்த நீலப் பாறையை உடைக்கும் முறையும் வேடிக்கை. வெட்டி எடுத்து, பெரிய மைதானங்களில் பரப்பி, மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் காயவிட்டு, தானாக உதிர்ந்த பிறகு கழுவி அரித்தார்கள். 1914-ல் நிறுத்தும் வரை 2.25 கோடி டன் மண்ணையும் பாறையையும் வெளியே எடுத்ததில் கிடைத்த வைரம் 2,720 கிலோ. டன்னுக்கு ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. அதுதான் உலகைப் பைத்தியமாக அடித்த வளம்!

ஒரு டன்னில் ஒரு கடுகளவு இருப்பதை நேரடியாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வைரத்தைத் தேடுவதில்லை, அதோடு கூட வந்த சகாக்களைத் தேடுகிறார்கள். கவசத்தின் பைரோப் கார்னெட் ஊதா கலந்த சிவப்பு, குரோம் டையாப்சைட் நல்ல பச்சை, இல்மனைட் கறுப்பு. இவை வைரத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் இருக்கும், ஆற்று மணலில் வெகுதூரம் பரவியும் கிடக்கும். 1954 ஆகஸ்டில் லாரிசா போபுகாயேவா என்ற ரஷ்யப் புவியியலாளர் சைபீரியாவில் சிவப்பு மணிகளை ஆற்றோரமாகப் பின்தொடர்ந்து, எண்ணிக்கை கூடிக்கொண்டே போன திசையில் நடந்து, சோவியத் நாட்டின் முதல் கிம்பர்லைட் குழாயான சர்னிட்சாவைக் கண்டுபிடித்தார். போட்ஸ்வானாவில் கிம்பர்லைட்டை கலஹாரி மணல் பல பத்து மீட்டர் கனத்துக்கு மூடியிருந்தது. அங்கே உதவியது கரையான். ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கும் கரையான்கள் புற்று கட்ட மேலே கொண்டுவந்த மண்ணில் இல்மனைட்டும் கார்னெட்டும் இருந்தன. இன்றைக்கு மதிப்பில் உலகின் முதல் வரிசையில் இருக்கும் ஜ்வானெங் சுரங்கம் அப்படிக் கிடைத்த தடயத்தில் வந்தது.

நம் பக்கத்தில் வஜ்ரகரூர். ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டம், சுமார் 110 கோடி ஆண்டு வயதுள்ள கிம்பர்லைட் குழாய்கள். வருடா வருடம் மழைக்காலம் தொடங்கியதும் கர்னூல் மாவட்டத்தின் துக்கலி, ஜொன்னகிரி வயல்களில் ஊர்க்காரர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களும் குனிந்த தலை நிமிராமல் கல் பொறுக்கும் செய்தி நம் பத்திரிகைகளிலும் வரும். அது மூடநம்பிக்கை இல்லை, புவியியல். குழாய்களின் மேல்பகுதி எத்தனையோ காலமாக அரித்துப்போய், வைரங்கள் ஆறுகளில் சிதறி, கூழாங்கல் அடுக்குகளில் படிந்து, அந்த அடுக்குகளும் பாறையாகி மறுபடி அரிக்கப்பட்டு மண்ணில் கலந்திருக்கின்றன. மழை மேல்மண்ணைக் கழுவினால் கல் பளிச்சென்று தெரியும். அப்படி ஒரு கூழாங்கல் பாறை அடுக்குக்குப் பங்கனப்பள்ளி என்றே பெயர், மாம்பழத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஊர். கோல்கொண்டா வைரங்கள் என்று உலகம் கொண்டாடிய கற்களின் தாய்க் குழாய் எது என்ற கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. வஜ்ரகரூர்தான் என்பவர்கள் உண்டு, ஆற்றுப் பாதையை வைத்துப் பார்த்தால் பொருந்தவும் செய்கிறது.

வைரத்தை விட்டுவிடுவோம், கூட்டம் எப்போதும் அதன் பின்னால்தான் ஓடும். கொஞ்சமாக உருகும் கவசம் தரும் இன்னொரு மாக்மா, நாட்டுக்கு உதவும் கணக்கில் பார்த்தால், அதைவிடப் பெரிய விஷயம். பெயர் கார்பனடைட். பாறையில் பாதிக்கு மேல் கால்சைட், டோலமைட் போன்ற கார்பனேட். சுண்ணாம்பு உருகி எரிமலையாக வருகிறது என்றால் அந்தக் காலத்தில் பல புவியியலாளர்களே நம்பவில்லை. வழியில் இருந்த சுண்ணாம்புப் பாறையை மாக்மா விழுங்கியிருக்கும் என்று வாதாடினார்கள். 1960-ல் தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய் எரிமலை வாயில் டாசன் என்ற புவியியலாளர் சோடியம் கார்பனேட் லாவா ஓடுவதையே பார்த்த பிறகு அந்த வாதம் அடங்கியது. 500 முதல் 600 டிகிரிக்குள்தான் சூடு, பசால்ட்டில் பாதி. பகலில் பார்த்தால் சேறு மாதிரிக் கறுப்பாக ஓடும், இரவில்தான் மங்கலான சிவப்பு தெரியும். காற்றின் ஈரம் பட்டதும் ஓரிரு நாளில் வெள்ளை வெளேரென்று வெளுத்துவிடும்.

எல்லாக் கார்பனடைட்டும் நேராகக் கவசத்திலிருந்து வருவதில்லை. கார்பனேட் மிகுந்த மாக்மா மேலே வந்து ஆறும்போது கார்பனேட் திரவம் ஒரு பக்கமாகவும் சிலிகேட் திரவம் ஒரு பக்கமாகவும் ஒட்டாமல் பிரிந்துவிடுவதும் உண்டு. எந்த இடத்தில் எது நடந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எப்படி வந்தாலும் முதல் சொட்டுக்குள் ஓடிய அந்த இடமில்லாத் தனிமங்கள் எல்லாம் கடைசியில் இங்கே குவிகின்றன. பாஸ்பரஸ் ஆபடைட்டாக, நயோபியம் பைரோகுளோராக, அருமண் தனிமங்கள் பாஸ்ட்னசைட், மோனசைட்டாக. உலக நயோபியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பிரேசிலிலிருந்து, அதிலும் பெரும்பகுதி அராஷா என்ற ஒரே கார்பனடைட்டிலிருந்து. கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ், 1949-ல் யுரேனியம் தேடிப் போனவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது; வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்புக்கு வேண்டிய யூரோப்பியம் அங்கிருந்துதான் வந்தது. சீனாவின் பயான் ஓபோ, 1927-ல் இரும்புத்தாதுவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டு, உலகின் மிகப் பெரிய அருமண் சுரங்கமாக முடிந்தது.

நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. ஏலகிரிக்குச் சுற்றுலா போனவர்கள் ஏறிய மலையே சயனைட் (syenite, சயனைடு விஷம் அல்ல) என்ற, பொட்டாசியமும் சோடியமும் மிகுந்த பாறை. அங்கிருந்து தென்மேற்காக சேவாத்தூர், சாமல்பட்டி, சேலம் மாவட்டத்துப் பக்கநாடு என்று ஒரு பழைய பிளவுக் கோட்டை ஒட்டி வரிசையாக இந்தக் குடும்பத்துப் பாறைகள் இருக்கின்றன. திருப்பத்தூர் அருகே உள்ள சேவாத்தூர் கார்பனடைட் வயது ஏறக்குறைய 80 கோடி ஆண்டு, ஒகேனக்கல்லில் இருப்பதோ 240 கோடி. சேவாத்தூர்ப் பாறையை முதல் பார்வைக்குப் பளிங்கு என்றே சொல்வோம், வெளிறிய பெரிய படிகங்கள், அமிலம் விட்டால் நுரைக்கும். உற்றுப் பார்த்தால்தான் நடுநடுவே ஆபடைட்டும், காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டும், யுரேனியம் கலந்த பைரோகுளோர் மணிகளும் தெரியும். கார்பனடைட் பக்கத்துப் பாறையில் உருவாக்கிய மைக்கா மட்கி வெர்மிகுலைட் ஆகியிருக்கிறது, அதைத் தமிழக அரசின் டாமின் நிறுவனம் தோண்டுகிறது. மாடித்தோட்டத்துத் தொட்டியில் கலக்கிறோமே, சூடாக்கிப் பொரித்த அந்தப் பொன்னிறச் சரக்குதான்.

இலங்கையில் அனுராதபுரம் மாவட்டத்து எப்பாவல. 1971-ல் கண்டுபிடிக்கப்பட்ட சுமார் 6 கோடி டன் ஆபடைட் படிவு, மூலம் கார்பனடைட் என்பதே பெரும்பாலோர் கருத்து. காலகாலமாக மழை கார்பனேட்டைக் கரைத்துக்கொண்டு போக, கரையாத ஆபடைட் மேலே குவிந்து நின்றுவிட்டது. அராஷாவிலும் ஆஸ்திரேலியாவின் மவுன்ட் வெல்டிலும் நடந்தது இதேதான்: கவசம் முக்கால் வேலை செய்தது, மீதியை வெயிலும் மழையும் முடித்தன. எப்பாவலவை ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து முப்பது ஆண்டுக்குள் தோண்டித் தீர்க்கும் திட்டத்தை அங்குள்ள விவசாயிகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், 2000-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

கிம்பர்லைட்டுகள் எப்போது வெடிக்கின்றன என்பதில் இரண்டு கட்சி. கவசத்தின் அடித்தளத்தில், கருவத்தை ஒட்டி, ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக்குக்கும் கீழே இரண்டு மாபெரும் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. கண்டங்களைப் பழைய இடத்துக்கு நகர்த்திப் பார்த்தால் கடந்த 32 கோடி ஆண்டுகளின் கிம்பர்லைட்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு அந்தத் திட்டுகளின் ஓரத்துக்கு நேர் மேலே வருகின்றன என்று டார்ஸ்விக் குழு 2010-ல் காட்டியது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கெர்னன் குழு 2023-ல் சொன்னது வேறு: பெருங்கண்டம் உடையத் தொடங்கி இரண்டு மூன்று கோடி ஆண்டு கழித்துத்தான் கிம்பர்லைட்டுகள் குவியலாக வெடிக்கின்றன. விரிசலில் ஆரம்பிக்கும் கலக்கம் கண்டத்தின் அடியை உரசி உரித்துக்கொண்டே உள்நாட்டை நோக்கி நகர்கிறதாம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சூடு கீழிருந்து வரலாம், திறப்பு மேலிருந்து வரலாம்.

அதிகம் உருகினால் ஒன்றுமே கிடைக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கோமாட்டைட் லாவாக்கள் 1,600 டிகிரிச் சூட்டில், கவசம் பாதி வரைகூட உருகி வந்தவை. அவற்றில் நிக்கல் கிடைக்கிறது. சைபீரியாவின் நொரில்ஸ்கில் 25 கோடி ஆண்டுப் பழைய பசால்ட் வெள்ளத்தோடு சேர்ந்து நிக்கல், செம்பு, பல்லேடியம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அங்கே நடப்பது வேறு வேலை. ஏராளமான மாக்மா கந்தகம் உள்ள பாறையைத் தின்று, கந்தகத் துளிகள் பிரிந்து, அவை உலோகங்களை இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் சொட்டின் செறிவு அங்கே கிடையாது.

கார்பனடைட் இருக்கிறது என்றதும் சுரங்கம் தோண்டிவிடலாம் என்ற பேச்சு இப்போது அதிகம். சீனா 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து குஜராத்தின் அம்பாடோங்கர் பெயரும் அடிக்கடி அடிபடுகிறது. உலகில் 500-க்கு மேல் கார்பனடைட்டுகள் தெரியும், அருமண்ணுக்காகத் தோண்டுவது விரல்விட்டு எண்ணும் அளவு. தாது செறிவாக இருக்க வேண்டும், கனிமம் பிரித்தெடுக்கத் தோதானதாக இருக்க வேண்டும், கூடவே வரும் கதிரியக்கமுள்ள தோரியத்தை என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும், இதற்கெல்லாம் மேலே பதினைந்து பதினாறு தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்கும் ஆலை வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் பல காலமாக நம்மிடம் இருக்கிறது, மண் இல்லாத குறை நமக்கு இல்லை. இன்னொன்று, கார்பனடைட் தருவது பெரும்பாலும் லாந்தனம், சீரியம், நியோடைமியம் போன்ற இலேசான வகை. அந்த ஏழில் நியோடைமியம் இல்லை. சூட்டிலும் வலிமை குறையாத காந்தம் செய்யத் தேவைப்படும் டிஸ்புரோசியமும் டெர்பியமும் இருக்கின்றன. அவற்றை இன்றைக்கும் பெரும்பாலும் தென்சீனாவிலும் மியான்மரிலும், கிரானைட் மட்கிய களிமண்ணிலிருந்துதான் கரைத்து எடுக்கிறார்கள்.